தங்கையைத் தடுக்கப் போன குதிரைப் பண்ணை

போன ஞாயிறு நான் திருப்பூருக்குப் போனது பனியன் வாங்க அல்ல. என் தங்கை சுமதி நல்லூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் குதிரையேறித் தடை தாண்டப் பழகுகிறாள். ஆறு மாதத்துக்கு முன் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவள் மறுபடியும் ஏறப்போகிறாள் என்றதும், அம்மா என்னைக் கோபியிலிருந்து கிளப்பிவிட்டார்.

"இனி வேண்டாம்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டு வா கண்ணு."

நல்லூரில் காலை ஆறரைக்குக் காங்கேயம் பேருந்து. படியூருக்கு முன்னால் இறங்க இருபது ரூபாய். அங்கிருந்து பண்ணைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது. வழியெல்லாம் சுமதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

பயிற்சியாளர் மார்த்தா ஐம்பதைத் தாண்டிய ஐரோப்பியப் பெண்மணி. தன் நாட்டுக்காக ஒலிம்பிக்கில் குதிரையேறித் தடை தாண்டும் போட்டியில் இறங்கியவர்; துணி கொள்முதலுக்கு வந்த கணவரோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார். தமிழ் கற்றது குதிரைக்காரர்களிடம். அதனால் குதிரையைக்கூட "நில்லுங்க சாமி" என்றுதான் அதட்டுகிறார்.

ஒலிம்பிக் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டாவது தடைல குதிரை நின்னுடுச்சுங்க. திருப்பி ஓட்டுனேன், மறுக்காவும் நின்னுச்சு. ரெண்டு தடவ நின்னா அவ்வளவுதானுங்க, மணியடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க."

"அப்புறமும் எப்படிங்க விடாம இருந்தீங்க?"

"மறுநாள் அதுக்குப் பசிக்குமில்லீங்களா? தீனி வைக்கப் போனேன். போனதும் ஏறிட்டேன்."

போட்டிக்கு முன் களத்தை ஆள்தான் நடந்து பார்க்கலாமாம், குதிரைக்குக் காட்டக் கூடாதாம். "அது நம்மள நம்பித்தான் வருதுங்க" என்றார்.

இடுப்புயரத் தடைமுன் சுமதியின் குதிரை நின்றது. பொய் சொல்வானேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடியும் நின்றது. வேலியோரம் வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, சொல்ல வந்தத இப்பவே சொல்லிருங்க. நான் எறங்கிர்றேன்."

மார்த்தா தடைக் கம்பத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கம்பத்தைப் பார்த்தேன்.

"ஒருக்காப் போயிட்டு வா. அப்புறம் சொல்றேன்."

தாண்டினாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பண்ணைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வெயில் ஏறினால் குதிரையை வெளியே விடமாட்டார்கள். ஷூ கட்டாயம். சாப்பாடு கிடைக்காது. யாரையாவது தடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும் பேருந்தில் அம்மாவின் போன்.

"சொல்லிப்போட்டியா?"

"இல்லீங்கம்மா. அவ தாண்டிட்டா."

திட்டு வாங்கத் தயாரானேன்.

"எத்தன ஒசரம்?"

"முழங்கால் அளவுதானுங்கம்மா."

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா.