கையெழுத்துப் போடாத தேவகி

காலை பத்தரை மணி இருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கேன்டீன் அடுப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

“அண்ணே, புதுவாயல்லேர்ந்து தேவகி பேசறேன். டீ போடலாம்னு போனா சமையல்கட்டு முழுக்க கேஸ் வாசனை. அடுப்பு பத்த வெக்கல. ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டு, கதவு, ஜன்னல்லாம் திறந்துட்டு, அத்தையை இட்டுக்கினு வெளிய வந்துட்டேன். பக்கத்து ஊட்டு போன்லேர்ந்து பேசறேன். சீக்கிரம் வாண்ணே.”

இருபத்தாறு வருஷமாக நான் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக். இவ்வளவு ஒழுங்காக யாரும் தகவல் சொன்னதில்லை. “லீக்கு, ஓடியா!” என்று கத்திவிட்டு போனை வைத்துவிடுவார்கள். எந்த வீடு என்றே தெரியாது.

இந்தத் தேவகியை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் அவர் வீட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். வாசனை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வழக்கம்போல் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, கையெழுத்துக்காகச் சோதனைக் கார்டை நீட்டினேன். மற்ற வீடுகளில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் பேனாவை வாங்கவே இல்லை.

“இன்னாண்ணே, ரயிலு புடிக்கப் போறியா? எங்க ஊட்டுக்காரரு ஸ்டீல் கம்பெனிக்கு ஷிப்ட்டு போயிடுவாரு. நானும் அத்தையுந்தான் இருப்போம். ஒவ்வொண்ணா செஞ்சி காட்டு. நானும் செஞ்சி பார்த்துட்டுதான் கையெழுத்து.”

இன்னும் எட்டு வீடு பாக்கி. ‘பேஜாரு புடிச்ச கேஸு’ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன். ரெகுலேட்டரை அவர் பத்துத் தடவையாவது திருகியிருப்பார்.

வண்டியை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் தேவகியின் மாமியார் முறைப்போடு உட்கார்ந்திருந்தார்.

“வாசனை போகட்டும்னு ஃபேனைப் போடப் போனேன் நைனா. கையைத் தட்டிவுட்டுட்டா!”

“சுவிட்ச்சுல ஒரு பொறி வந்தா போதும் அத்தே, நாம இருந்திருக்க மாட்டோம்” என்றார் தேவகி.

பையை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே நடந்தேன்.

“அண்ணே, நில்லு! சட்டைப் பையில செல்லு கீது பாரு!”

ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவனே நான்தான். தெரு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்லைத் தேவகியிடம் கொடுத்துவிட்டு, வாசனை நன்றாக அடங்கும்வரை காத்திருந்துதான் உள்ளே போனேன்.

அடுப்புக்குப் பின்னால் ட்யூபை எலி கடித்திருந்தது. புது ட்யூப் மாட்டி, ரெகுலேட்டரைத் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

“மாவு, தேங்கா எல்லாத்தையும் உட்டுட்டு ட்யூபைக் கடிச்சிருக்குது பாரு!” என்று மாமியார் எலியைத் திட்டினார்.

“அம்மா, நீங்க ஒரு தடவை ரெகுலேட்டரை ஆஃப் பண்ணுங்க” என்று அவரிடம் சொன்னேன்.

தயங்கித் தயங்கித் தொட்டார். முதலில் தப்பான பக்கம் திருகினார். மூன்றாவது தடவை ‘டக்’ என்று நின்றது.

“இத்தினி வருஷமா இந்த அடுப்புல ஆக்கறேன். இத்த நான் தொட்டதே இல்ல நைனா” என்றார்.

எத்தனை வீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்! எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

இப்போதெல்லாம் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் என் முன்னால் ஆஃப் செய்து காட்டினால்தான் கார்டை நீட்டுகிறேன். ஒரு நாளில் பார்க்கிற வீடுகள் குறைந்துவிட்டன என்று மேனேஜர் திட்டுகிறார். திட்டட்டும்.