வீட்டில் செடி வைக்காதவள்

என் மனைவி வேலை பார்த்ததெல்லாம் செடியோடுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடி கூட இருந்ததில்லை. பால்கனி மொட்டையாகக் கிடக்கும். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் இதையே கேட்டு என் உயிரை வாங்குவார்கள். அதிலும் என் அக்கா இருக்கிறாளே, அவளுக்குக் கேலி செய்ய ஆள் கிடைத்தால் போதும்.

“ஏன்டா, செடி டாக்டர் வீட்ல ஒரு ரோஜாக் கன்னு கூட இல்லையா?”

“கொண்டு வந்தா, அதோட சேர்த்து என்னையும் தூக்கி வெளிய வச்சிருவா. பேசாம காபியைக் குடி.”

காரணம் இதுதான். மண்ணிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கும். தோட்டத்தில் கை வைத்தவர் சட்டையிலும் தலையிலும் அதைச் சுமந்துகொண்டு, செடி நுனியை வெட்டிக் கண்ணாடி பாட்டிலில் வளர்க்கும் திசு வளர்ப்பு அறைக்குள் போனால் தீர்ந்தது கதை. அது பாட்டில் பாட்டிலாக ஏறி இறங்கி, போகிற இடமெல்லாம் பூஞ்சையைத் தூவிவிடும். உள்ளே கூழில் வளரும் பிஞ்சுகள் அத்தனையும் காலி. அதனால் இந்தச் செடி ஆராய்ச்சிக்காரி செடி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். பூங்கா வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள். யாராவது பூங்கொத்து நீட்டினால், சிரித்துக்கொண்டே வாங்கி என் கையில் திணித்துவிடுவாள்.

நான் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவளை முதன்முதலில் பார்த்தபோது முகத்தில் பாதிக்குத் துணி கட்டியிருந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்குப் படம் எடுக்கவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனால் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரி, தட்டுக்குத் தட்டு ட்யூப்லைட், வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் விரலளவு பச்சை. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் படம் கெட்டுப்போகிறது என்றேன். அவள் யோசித்துவிட்டு, ஸ்பிரிட் விளக்கைப் பக்கத்தில் எரியவிட்டு, ஒரு பாட்டிலின் மூடியை மட்டும் திறந்தாள். திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து ஃபோகஸ் செய்தேன். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. தும்மிவிட்டேன்.

“வெளிய போங்க!”

“ஒரு தும்மல்தானேம்மா...”

“உங்களுக்குத் தும்மல். எனக்கு ஆறு மாச வேலை. போங்க சார் வெளிய!”

எனக்கு வந்த கோபத்துக்கு, ‘போம்மா, நீயும் உன் பாட்டிலும்’ என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நானாகவே போய் நின்றேன். அன்றைக்குக் கட்டிய கைக்குட்டைதான், அப்புறம் கல்யாணம் வரை போய் முடிந்தது.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஸ்பிரிட் வாசனைதான் முதலில் வருகிறது. சாயங்காலம் நிலையத்து சைக்கிள் கொட்டகையில் காத்திருப்பேன். கை தோல் உரிந்து வெளுத்துப்போய் வருவாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்போம். வழியெல்லாம் பாட்டில் பேச்சுதான். “இன்னிக்கு நாலு பாட்டில்ல வேர் விட்டிருச்சுங்க” என்பாள். எதிரே வருகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு என்ன பாட்டில் என்று நினைத்தார்களோ! எனக்குச் சிரிப்பாக வரும். என்ன சுகமான நடை அது. இப்போது ஆளுக்கொரு வண்டி இருக்கிறது, அந்த நடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பாட்டிலுக்குள் இருந்தது முள்கத்தரி. அவள் அப்பா கத்தரி பயிரிட்டவர். நிலத்தில் வாடல் நோய் வந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் தலை தொங்கிவிடும். கிருமி மண்ணுக்குள் இருப்பதால் எந்த மருந்துக்கும் மசியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, மனிதர் நிலத்தை விட்டு ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அத்தனை செடியும் செத்த நிலத்தில், வேலியோரம் தானாக முளைத்த முள்கத்தரி மட்டும் அசராமல் நின்றதாம். காய் சுண்டைக்காய் அளவு, வாயில் வைக்க முடியாத கசப்பு. மகள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் அதன் நுனியைக் கிள்ளிக்கொண்டு வந்து பாட்டிலில் வைத்தாள். அப்புறம் அந்த நிலம் வீட்டு மனையாகிவிட்டது. வேறு எங்கெங்கோ போய் முள்கத்தரி கொண்டு வந்து பார்த்தாள். எல்லாம் வாடின. அப்பாவின் வேலிச் செடி ஒன்றுதான் வாடாத ஜாதி.

“சாப்பிடற கத்தரிக்கு இந்தத் தெம்பைக் கொடு பாப்போம்” என்று அவர் மகளிடம் சொல்லியிருந்தார். அவள் வாழ்க்கையே அந்த ஒரு வாக்கியம்தான்.

நிலையத்தில் பூச்சி புகாமல் வலை போட்டுச் செடி வளர்க்கும் வலைக்கூடத்தில் உட்கார்ந்து, இடுக்கியும் சின்ன பிரஷ்ஷுமாக, முள்கத்தரி மகரந்தத்தை எடுத்துச் சாப்பாட்டுக் கத்தரிப் பூவில் தடவுவாள். வலைக்கூடத்துக்குப் போகும் நாளில் பாட்டில் அறையில் கால் வைக்கமாட்டாள். பூ உதிர்ந்துவிடும். உதிராமல் காய்த்தால் உள்ளே விதை சப்பையாக இருக்கும். அடுத்த பட்டம், மறுபடி பிரஷ். இப்படியே வருஷங்கள் ஓடின. அவள் அப்பா போய்ச் சேர்ந்த அன்று, “அவருக்குக் காட்ட என்கிட்ட ஒரு விதை கூட இல்லைங்க” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்புறம் நிலையத்துக்குப் புது இயக்குநர் வந்தார். “பிரஷ் காலமெல்லாம் போயிருச்சும்மா. மரபணுவைப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு, வலைக்கூடத்தை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கினார். இவளுக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் ஒதுங்கிவிடவில்லை. தன்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூலக்கூறு உயிரியல் படித்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாயத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சொட்டு அளக்கும் பிப்பெட்டைப் பழகினாள். நான் சாம்பாருக்குக் கை நீட்டினால் “அசையாதீங்க!” என்று ஒரு அதட்டல். மரபணுவைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் முதல் ஜெல் ஓட்டிய அன்று நிலையத்துக் கேமரா மக்கர் செய்ய, என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இந்த முறை நான் தும்மவில்லை. புற ஊதா விளக்கின்மேல் தயிர்க்கட்டி மாதிரி ஒரு துண்டு. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் மின்னின.

“இதுல எதும்மா கத்தரிக்கா?”

“கீழ இருக்கிற கோடு சாப்பிடற கத்தரி. பக்கத்து வரிசையில மேல நிக்குது பாருங்க, அது நம்ம முள்கத்தரி. ரெண்டு கோடும் ஒரே வரிசையில வந்தா, அது ரெண்டும் கலந்த செடி. அப்படி ஒண்ணைப் பார்த்துட்டா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அந்த வரிசை வரவேயில்லை. மரபணுவில் பாதியைக் கண்டுபிடித்தாள். கட்டுரைகள் வந்தன, பதவி உயர்வு வந்தது, வெளியூர்க் கூட்டங்களில் கை தட்டினார்கள். ஆனால் அந்தத் துண்டை ஏற்றிய கத்தரிகள் ஒன்றும் வாடலுக்குத் தாங்கவில்லை. என்ன வேலை இருந்தாலும் மாதாமாதம் பாட்டில் அறைக்குப் போய், நுனியை வெட்டிப் புதுக் கூழில் மாற்றி வைப்பதை மட்டும் அவள் விடவில்லை. விளிம்பு உடைந்த பாட்டில்களை அப்படியே, மிச்சத் தண்டும் கூழுமாக, என்னிடம் தருவாள். ஸ்டுடியோவின் பின்பக்கக் குழாயில் கழுவி, கிளிப்பும் திருகும் போட்டு வைத்துக்கொள்வேன்.

அவள் ஓய்வு பெறும் நேரம் வந்தது. பாட்டில் அறையில் ஏதோ புது இயந்திரம் வரப்போகிறது என்றார்கள். இவள் அங்கே இங்கே பேசி, பாட்டில்களை ஏற்றுக்கொள்ள வேறொரு நிலையத்தைச் சம்மதிக்க வைத்தாள். கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் பார்த்துச் சிற்றுண்ணி புகுந்துவிட்டது. யாரோடு வந்தது, எப்படி வந்தது, யாருக்கும் தெரியாது. கூழின்மேல் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, உண்ணி நடந்த தடம் அப்படியே தெரிந்ததாம். ஒரு பாட்டில் கூடத் தப்பவில்லை. அத்தனையையும் இவளே நீராவிக் கொப்பரையில் போட்டு வேகவைத்து அழித்தாள். வீட்டுக்கு வந்து அந்த மொட்டை பால்கனியில் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பாவோட செடி போச்சுங்க. என் கையாலயே வேகவச்சேன்.”

அவள் அழுததைக் கூடத் தாங்கிக்கொண்டேன். அழுது முடித்தபின் வெறுமனே உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, காலி பாட்டில்களை ஒரு பையில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டு வந்தாள். நான் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காராமல் வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “நானே கழுவிக்கிறேன்” என்று பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் கதவை அவள் தாண்டியதே இல்லை. பின்னால் ஈரச் சுவரும் புதரும். அங்கே போய்விட்டு எப்படிப் பாட்டில் அறைக்குப் போவாள்? இனிமேல் அந்தப் பயமும் இல்லையே.

குழாய்ச் சத்தமே வரவில்லை. குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். சுவரோரப் புதருக்கு முன்னால் சிலையாக நின்றிருந்தாள்.

“இதை யாரு வச்சது?”

“யாரும் வைக்கல, தானா வந்த சனியன். குழாய்க்குப் போறப்பெல்லாம் காலைக் கிழிக்குது. வெட்டிப் போடணும்னு...”

“வெட்டுங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!”

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நான் பார்த்ததெல்லாம் பாட்டிலுக்குள் விரலளவு பச்சையைத்தான். அது வளர்ந்தால் ஆளுயர முள்புதர் ஆகும் என்று யார் கண்டது? கழுவிக் கொட்டிய மிச்சத் தண்டு எப்போதோ வேர் பிடித்திருக்கிறது. அவள் முள் குத்துவதைக் கூடப் பார்க்காமல் அதைக் கட்டிப்பிடித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் கண் பக்கத்துச் செடிக்குப் போனது. அதே புதரோரம்தான் முளைத்திருந்தது, ஆனால் முள் குறைவு, இலை அகலம், காய் கொஞ்சம் நீளம். ஒரு காயைப் பறித்து நகத்தால் பிளந்தாள். விதைகள் திரண்டு இருந்தன.

“இங்க யாராவது கத்தரி வச்சிருக்காங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கடை அக்கா எண்ணெய் டின்களில் கத்தரி வைத்திருந்தாள். அவளே தலையை நீட்டினாள். “நானும் வருஷா வருஷம் வைக்கிறேன், கொஞ்ச நாள்ல வாடிருது. இந்த டின் மட்டும் புதுசு. உங்க பக்கம் நிக்கிற அது மட்டும் எப்படி வாடாம நிக்குதோ!”

என் மனைவி சுவருக்கு மேல் அந்த டின் செடிக்கும் கை நீட்டினாள். மூன்று செடியிலும் இலை கிள்ளிக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினாள்.

சில நாள் கழித்து நிலையத்திலிருந்து அவள் ஃபோன் செய்தாள். “கேமராவைத் தூக்கிட்டு வாங்க.”

“அங்கதான் இப்ப மெஷினே படம் எடுக்குதே?”

“நீங்க வாங்கன்னா வாங்க.”

போனேன். ஆரஞ்சுக் கோடுகள். முதல் வரிசையில் மேலே ஒன்று. இரண்டாவதில் கீழே ஒன்று. மூன்றாவதில் மேலேயும் கீழேயும், இரண்டும்.

“நான் வருஷக்கணக்கா பிரஷ் வச்சுத் தடவினேன். ஏதோ ஒரு வண்டு வந்து, சுவரைத் தாண்டி, பண்ணிட்டுப் போயிருச்சுங்க.” சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பெரிய சிரிப்பு. பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரி புத்தி வந்து, “வாடல் மண்ணுல நட்டுப் பாக்கணும். கசப்பு போகப் பல தலைமுறை ஆகும். நான் இருக்கிறேனோ இல்லையோ” என்றாள்.

மறுநாள் காலை ஸ்டுடியோவின் பின்னால் அந்தச் செடியைப் படம் எடுக்கச் சொன்னாள். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவள் குனிந்து கிளையை விலக்கிக் காயைக் காட்டினாள். பார்த்தால், உதடு இறுகியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பாட்டில் திறக்கும்போது பிடிப்பாளே, அந்த மூச்சு.

“மூச்சை விடும்மா. நாம வெளியதான் இருக்கோம்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூச்சை விட்டாள், அந்தச் செடியின்மேலேயே. “அப்பா இருந்திருக்கணும்ங்க” என்றாள். நான் அழுத்திவிட்டேன். படத்தில் அவள் முகம் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. அதைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பால்கனியில் இப்போது கால் வைக்க இடமில்லை, அத்தனை தொட்டி.