அமுதாவுக்கு ஒரு போர்ட்

1. கேம் கம்ப்ளைன்ட்

முதலாளி ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"சின்னமனூர்ல இருந்து ஒரு பொண்ணு. கேம் கனெக்ட் ஆகலையாம். கல்யாணமான பொம்பளைக்கு கேமு."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சரவணன் ஒரு படி மேலே போனான். "அதுக்கு ஒரு இன்ஜினியரா? நூர அனுப்புங்கண்ணே. அவளும் ரெண்டு ஆட்டம் ஆடிட்டு வரட்டும்."

நூர் நான்தான். உத்தமபாளையத்தில் அந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எம்.சி.ஏ. முடித்தவள் நான் மட்டும்தான். ஆனால் என்னை வெளியே அனுப்புவதற்குக் காரணம் அது இல்லை. வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் கம்ப்ளைன்ட் வந்தால் பையன்களை அனுப்ப முதலாளி தயங்குவார். அதற்கு நான். அப்படியே கம்பம் முதல் சின்னமனூர் வரை பாதி வீட்டு மோடம் எனக்குப் பழகிவிட்டது. இப்போது கேமுக்கு மோடத்தில் போர்ட், அதாவது வெளியிலிருந்து வர ஒரு வழி, திறப்பது எப்படி என்று ஜூனியர்கள் நீங்கள் மெயில் மேல் மெயில் போடுகிறீர்கள். சொல்கிறேன். செட்டிங் ஐந்து நிமிஷ வேலை. அதைச் சுற்றி இருக்கிற ஆட்கள்தான் பெரிய வேலை. அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேகமலை ரோட்டில் வாழைத்தோப்பை ஒட்டிய பெரிய வீடு. ஹாலில் ஃபோன், அதன் பக்கத்தில் மோடம், அதன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அங்கிருந்து ஒரு கேபிள் படி ஏறி மாடி அறைக்குப் போகிறது. மாடியில் இன்னொரு கம்ப்யூட்டர். ஃபோன் செய்தவள் அங்கே இருந்தாள். பெயர் அமுதா. பி.காம். புருஷன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட்.

"வெள்ளிக்கிழம அவுகளுக்கு லீவு," என்றாள். "வீட்டுக்கு ஃபோன் பண்ணுவாக. மொதல்ல பெரிய மாமா பேசுவாக. அவுகளோட அண்ணன். வாழை, போர்வெல், கோர்ட்டுக் கேசு எல்லாம் முடியணும். பெறகு அத்தை. பெறகு பெரிய மாமா மகன் கௌதம். ரிசீவர் எங்கிட்ட வரயில காலிங் கார்டுல காசு முடியப் போகுதுன்னு ஒரு பொம்பள இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டிருப்பா. எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பாக. சாப்பிட்டீகளான்னு கேப்பேன். சாப்பிட்டேன்னு சொல்லுவாக. கட்டாயிரும். எத்தன வாரத்துக்குச் சோத்தையே கேக்குறது?"

"கம்ப்யூட்டர்ல பேசலாம்ல?"

"செல்லுக்குக் கூப்பிட்டா அவுகளுக்குக் காசு கட்டுப்படியாகாது. அங்கன நெட்ல ஃபோன் பேசுறத பிளாக் பண்ணி வச்சிருக்காக. இந்தக் கார் ரேஸ் கேமுல மைக் இருக்கு. ஓட்டிக்கிட்டே பேசலாம்னு அவுக ரூம்ல இருக்கிற ஒருத்தர் சொல்லியிருக்காக."

"அப்ப கேம் சும்மா ஒரு சாக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா? போன லீவுக்கு வந்தப்ப இதே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரும் ஆடுனோம். நாந்தேன் ஜெயிச்சேன்."

பிரச்சினை இதுதான். கேமை யாராவது ஒருவர் தன் கம்ப்யூட்டரில் நடத்த வேண்டும், மற்றவர் வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். அவருக்கு அங்கே அந்த வசதி இல்லை, அதனால் அமுதாதான் நடத்த வேண்டும். மோடத்தில் இருக்கும் ஃபயர்வால் உள்ளேயிருந்து போவதை விடும். வெளியிலிருந்து கேட்காமல் வருவதை வாசலிலேயே தடுத்துவிடும். அவள் புருஷன் மூன்று வாரமாக அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது: அமுதாவின் கம்ப்யூட்டருக்கு மாறாத ஒரு ஐபி, அதாவது முகவரி எண், கொடுக்க வேண்டும். மோடத்தின் உள்ளே போய் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் "இந்த எண்ணில் வெளியிலிருந்து எது வந்தாலும் இந்த ஐபிக்கு அனுப்பு" என்று ஒரு ரூல் போட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அந்த கேமை அனுமதிக்க வேண்டும். இதைப் பாதிப் பேர் மறந்துவிட்டு மோடத்தைத் திட்டுவார்கள். மோடத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஐபி மட்டும் நம் கையில் இல்லை. கரண்ட் போய் வந்தால் அது மாறிவிடும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? ஒவ்வொரு தடவையும் புது ஐபியைப் பார்த்துப் புருஷனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. எஸ்.எம்.எஸ். போன கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டாவது கார் வந்து நின்றது. ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு குரல்.

"அமுதா, கேக்குதா?"

"கேக்குது. பேச்ச விட்டுட்டு வண்டிய எடுங்க."

முதல் வளைவிலேயே அவர் சுவரில் மோதினார். அவள் சிரித்தாள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. "உன் செட்டிங் நிக்கல"

அடுத்த வாரமே மறுபடி கம்ப்ளைன்ட். போய்ப் பார்த்தால் ரூலே இல்லை. மறுபடி போட்டேன். அதற்கடுத்த வாரமும் அதே கதை. முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஒரு செட்டிங் ஒழுங்கா நிக்க வைக்கத் தெரியல. என்னத்த எம்.சி.ஏ. படிச்ச?"

சரவணன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் மோடத்தின் செட்டிங்கைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். இந்தத் தடவை ரூல் இருந்தது. ஆனால் மாடி கம்ப்யூட்டருக்குப் பதில் ஹால் கம்ப்யூட்டருக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஹால் கம்ப்யூட்டர் கௌதமுடையது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

"நீதான?"

அவன் நெளியவே இல்லை. "ஆமாக்கா. நானும் அதே கேம்தான் ஃப்ரெண்ட்ஸ்கூட ஆடுறேன். சித்திக்கு ஓப்பன் பண்ணா எனக்கு வேலை செய்யல."

அது உண்மைதான். ஒரு போர்ட் எண்ணை ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் எண்ணுக்கா பஞ்சம்? அமுதாவின் கேமை அடுத்த எண்ணுக்கு மாற்றி இன்னொரு ரூல் போட்டால் முடிந்தது. போட்டேன். மேலேயும் ஓடியது, கீழேயும் ஓடியது.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

"யாருகிட்டக்கா கேக்குறது? சித்திகிட்ட கேட்டா வா, ஒரு ரேஸ் ஓட்டலாம்பாங்க. அவங்கள ஜெயிக்க முடியாது."

இதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்போதுதான் பெரிய மாமா வந்தார். வாழை வியாபாரி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கௌதம் உற்சாகமாகச் சொன்னான்: "அப்பா, ரெண்டு பேருக்கும் வேலை செய்யுது."

"ரெண்டு பேருக்கு எதுக்கு? உனக்கு இருக்கட்டும். மாடியில உள்ளத அடைக்கச் சொல்லு."

"ஐயா, ஒன்னுக்கொன்னு எடஞ்சல் இல்ல," என்றேன்.

"எடஞ்சல் இருக்கா இல்லையான்னு நான் சொல்லணும் பாப்பா. அவன் பையன், ஆடுறான். இவளுக்கு எதுக்கு?"

"உங்க தம்பியோடதான ஆடுறாக?"

"எந்தம்பிகிட்டப் பேசணும்னா இந்தா ஃபோன் இருக்கு. நாங்கள்லாம் இதுலதான பேசுறோம்?" துண்டை உதறித் தோளில் போட்டார். "முன்னெல்லாம் ஒன்னு சொன்னா 'சரிண்ணே'ம்பான். இப்ப என்னத்தச் சொன்னாலும் 'யோசிச்சுச் சொல்றேன்'ங்கிறான். எங்கன உக்காந்து யோசிக்கிறான்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் போர்ட் என்றால் என்னவென்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேமைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. தன் காதில் விழாமல் புருஷனும் பொண்டாட்டியும் பேசுகிறார்கள், அதுதான் கவலை.

படியில் அமுதா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் அடைக்க மாட்டேன்," என்றேன். "வேலை செய்யிறத வேலை செய்யாம ஆக்குறதுக்கு நான் வரல."

அவர் கோபப்படவே இல்லை. ரிசீவரை எடுத்து எங்கள் கடை எண்ணைச் சுழற்றினார்.

3. யார் பேரில்

கடைக்கு நான் திரும்புவதற்குள் சரவணன் பைக்கில் எதிரே போய்க்கொண்டிருந்தான். மோடத்தை ரீசெட் செய்து, ஹாலுக்கு மட்டும் ரூல் போட்டு, புது பாஸ்வேர்ட் வைத்து, அதைப் பெரிய மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தான். அந்த மனிதருக்குக் கீபோர்டில் ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது. அவரிடம் பாஸ்வேர்ட்.

"சரவணன எப்படிண்ணே அனுப்புனீக?" என்று முதலாளியிடம் நேராகவே கேட்டேன்.

"கனெக்‌ஷன் யாரு பேர்ல இருக்கு?"

"அவரு பேர்ல."

"அப்ப அவரு சொல்றதுதேன். நாளைக்கு அவரு வீட்ல, தோப்பு ஆபீஸ்ல, மருமகன் வீட்ல எல்லாம் நம்ம வேலை இருக்கு. ஒரு பொண்ணு கேம் ஆடுறதுக்காக அதக் கெடுக்கச் சொல்றியா?"

"கேம் இல்லண்ணே. அந்தப் பொண்ணு புருஷன்கிட்டப் பேசுறதுக்கு வேற வழி இல்ல."

"அது அவுக குடும்ப விசயம். நீ மோடத்த மட்டும் பாரு."

மோடத்தை மட்டும்தான் பார்த்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடம். அதில் குடும்ப விஷயத்தை நுழைத்தது நானா? ஒரு பக்கத்துக்குச் சாதகமாகச் செட்டிங் மாற்றிவிட்டு "நமக்கெதுக்கு குடும்ப விசயம்" என்று சொல்வதுபோல் ஒரு பித்தலாட்டம் வேறு இல்லை. பதினோராம் வகுப்பிலிருந்து கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஃபயர்வால் இப்படிப்பட்ட வேலைக்கு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அன்றைக்கே அமுதாவின் செல்லுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, உங்க பேர்ல ஒரு லைன் எடுங்க."

"ஒரே வீட்டுக்கு ரெண்டாவது லைனா? விடுவாகளா?"

"மாடி யாரு கட்டுனது?"

"அவுக பணம் அனுப்பி நான் நின்னு கட்டுனது. கொத்தனாருக்கு டீ போட்டே ஓஞ்சேன்."

"அப்புறம் என்ன?"

தொலைபேசி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்காரரு வரணுமேம்மா."

அமுதா சிரிக்காமல் சொன்னாள்: "வரச் சொல்லிருவோம் சார். பிளேன் டிக்கெட்ட மட்டும் நீங்க எடுத்துக் குடுத்துருங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முத்திரையைக் குத்தினார்.

லைன்மேன் வந்த அன்று பெரிய மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஹால் வழியா வயரு போகக் கூடாது," என்று மட்டும் சொன்னார். லைன்மேன் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்பக்கம் போனார். தென்னை மரத்தைச் சுற்றி, மாடிச் சன்னல் வழியாக லைன் உள்ளே வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டது கௌதம்.

4. வெள்ளிக்கிழமை

புது மோடத்தில் ரூல் போட என் லீவு நாளில் போனேன், கடைக்குத் தெரியாமல். நான் மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஹாலில் ஃபோன் அடித்தது. வாரா வாரம் வரும் அதே கால். பெரிய மாமா எடுத்தார். போர்வெல் பற்றி ஆரம்பித்தார். ஆரம்பித்த வேகத்திலேயே பேச்சு நின்றது.

"என்னடா, அதுக்குள்ளயா? கார்டு முடிஞ்சிருச்சா?"

ரிசீவர் வைக்கப்படும் சத்தம் மேலே வரை கேட்டது. பிறகு கௌதமின் குரல், ரொம்பச் சாதாரணமாக: "கார்டெல்லாம் இருக்கும்பா. ரேஸ் ஆரம்பிக்கப் போகுது."

அமுதா மைக்கைச் சரிசெய்துகொண்டாள். இரண்டாவது கார் வந்து நின்றது.

ஜூனியர்களே, போர்ட் எண்ணும் ஐபியும் எந்தப் பக்கத்தில் போட வேண்டும் என்பது மோடத்துக்கு மோடம் மாறும், பார்த்துக்கொள்வீர்கள். மாறாதது ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குள் போனதும் கனெக்‌ஷன் யார் பேரில் என்று கேட்காதீர்கள். இதன் முன்னால் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். மோடத்தின் பாஸ்வேர்டை அவரையே டைப் அடிக்கச் சொல்லுங்கள். அவர் அடிக்கும்போது நீங்கள் வேறு பக்கம் பாருங்கள்.

அமுதா அடித்தபோது நான் சன்னல் பக்கம் திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விஷயம் தெரிந்து முதலாளி மறுநாள் கேட்டார், அந்த மாடி மோடத்துக்கு என்ன பாஸ்வேர்ட் என்று.

"எனக்குத் தெரியாதுண்ணே. கனெக்‌ஷன் அவுக பேர்ல இருக்கு," என்றேன்.