ஊர் சுற்றிய நீலக் கதவு

அரசுத் திட்டத்தில் வீடு கட்டிக்கொள்ளும் மலைக்குடும்பங்களுக்குத் துணை நிற்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. மனு எழுதிக் கொடுப்போம், கட்டும்போது போய்ப் பார்ப்போம், படமெடுத்து மேலே அனுப்புவோம்; அதைப் பார்த்துத்தான் பணம் வரும். செங்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்து மூன்று மாதம் முடிந்திருந்தது. அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று எழுதித் தர வேண்டியவள் நான். படிவத்தில் இரண்டே கட்டம்: 'நிறைகள்', 'வளர வேண்டியவை'.

முதல் வாரத்திலிருந்தே எனக்கு அவள்மேல் சந்தேகம். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் செருப்பு. மழைக்காலத்தில் மலை ஏறி இறங்குகிறவள் செருப்பில் பொட்டுச் சேறு இருக்காது. போகாமலே போனதாக எழுதுகிறாளோ?

படிவம் எழுத உட்கார்ந்த அன்று, அவள் எடுத்த படங்களைப் பார்த்தேன். இரண்டு ஊர், இரண்டு குடும்பம், வீடு முடிந்ததென்று காட்டும் கடைசிப் படம். இரண்டிலும் ஒரே நீலக் கதவு! தாழ்ப்பாளுக்குக் கீழே வால் கிழிந்த அதே சேவல் ஸ்டிக்கர். ஒரே வாசலில் இரண்டு குடும்பத்தையும் நிறுத்திப் படமெடுத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"வண்டியில ஏறும்மா, ஒரு எடம் போய்ட்டு வர்லாம்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

வண்டிப் பாதை ஓடையோடு நின்றது. அவள் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஈரத்துல செருப்பு வழுக்குங்க்கா. வெறுங்காலுதான் புடிக்கும்."

ஒரு சந்தேகம் அங்கேயே கழன்றது. கதவு மிச்சம் இருந்தது.

முதல் வீட்டுக்காரம்மா வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிலையில் கதவு இல்லை, பழைய புடவை தொங்கியது.

"கதவு இன்னாம்மா ஆச்சு?"

"அதுவா மேடம், அந்தாண்ட ஊருக்குப் போயிருக்குது."

"போயிருக்குதா? நடந்தா?"

"கதவுக்கு இன்னா காலா மொளைச்சிருக்கு? ரெண்டு பேரு தூக்கினு போனாங்க. அது எங்களுது இல்லீங்க, மேலூருல ஒரு வூட்டுக்காரங்களுது. படம் புடிக்கிற வூட்டுக்கெல்லாம் போய் வரும். கதவு இல்லன்னா வூடு முடியலன்னு சொல்றாங்களாமே!"

வேறு நாளாயிருந்தால் இந்தப் பேச்சை ரசித்து அப்படியே எழுதி வைத்திருப்பேன். அன்று என்னோடு வந்தவளைத்தான் முறைத்தேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா. ரெண்டு ஃபைல்லயும் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

அலுவலகம் திரும்பிப் புரட்டினேன். 'கதவு இரவல். இவர்களுக்குச் சொந்தக் கதவு வேண்டும்.' கீழே தேதி. வாராவாரம் அந்த ஃபைல்களில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா படத்த நிறுத்திடுவீங்களோன்னு பயம். எழுதாம விடவும் மனசு வர்ல. படிக்கிறீங்களான்னுதான் பாத்துனு இருந்தேன்."

நேர்மையா, சாமர்த்தியமா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. 'நிறைகள்' கட்டத்தில், 'கண்டதை மறைக்காமல் எழுதுகிறாள்' என்று எழுதினேன். 'வளர வேண்டியவை'யில், 'முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.' பணியில் தொடரலாம் என்று டிக் அடித்தேன். இரண்டு வீட்டுக்கும் கதவு கேட்டு ஒரு மனுவும் தயார் செய்தேன். அதில் இரவல் கதவு விஷயம் முதல் வரியிலேயே இருந்தது.

படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கியவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, பின்பக்கத்தில் நான் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்த்தாள்.