மச்சினன் வீட்டைப் பார்க்காத ஆன்டெனா

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒத்தப்புளிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே ஆவுடையப்பன் என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகியவர் என்பதால், இன்றைக்கும் வீட்டில் காப்பி குடிக்கும்போது ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். நல்ல மனுஷன். யாரையும் ஏமாற்றத் தெரியாது. ஒரு சொல் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கவும் தெரியாது. இந்தக் கடைசிக் குணத்தை ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கூடவே இருந்து குப்பை கொட்டுகிற மனைவி பிரகதாம்பாளிடம் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்.

அவர் சொன்ன சொற்களிலேயே பெரிய சொல் ஐந்து வருடத்துக்கு முன்னால் சொன்னது. பிரகதாம்பாளின் தம்பி குணசேகரன் அதே ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவர். தெற்குத் தெருவில் மாடி வைத்து வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் எல்லார் படமும் இருந்தது. அக்கா புருஷன் என்ற முறைக்கு ஆவுடையப்பனின் படம் மேல் வரிசையில் இருந்திருக்க வேண்டும். அது கீழ் வரிசையில், ஒரு கைக்குழந்தைக்கும் ‘நண்பர்கள் வட்டம்’ என்ற எழுத்துக்கும் நடுவில் இருந்தது. போகட்டும் என்றால், போட்டிருந்தது கண்டக்டர் லைசென்ஸில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம். கண் பாதி மூடியிருந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒருவர், “வாசல்ல பாத்ததும் திக்குன்னு ஆயிருச்சு ஆவுடையப்பா, ஒனக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனைச்சேன்” என்று சொல்லித் தொலைத்தார்.

ஆவுடையப்பன் முதல் பந்தியில், சாம்பார் ஊற்றிய இலையை மூடாமலேயே எழுந்தார். குணசேகரன் ஓடிவந்து, அது ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பண்ணிய வேலை என்று சொல்லிப் பார்த்தார். இவர் காதில் ஏறவில்லை.

“இனிமே ஒன் வீட்டுப் பக்கம் எம் மொகம் திரும்பாதுடா.”

சொல்லிவிட்டு வந்தவர், நேராக வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துக் கேபிள் ஒயரை வெட்டினார்.

கோபத்தில் எல்லோரும்தான் இப்படிச் சொல்வார்கள். நாலு நாள் கழித்து மறந்துபோவார்கள். இவர் அந்தச் சொல்லைச் சட்டம்போல நடத்தினார். குணசேகரன் வீடு இவர் வீட்டுக்கு நேர் தெற்கே, ஒரு புன்செய் தள்ளி எழுந்து நின்றது. அதனால் வாசலில் போடும் நாற்காலியை வடக்கே பார்த்துத் திருப்பினார். பஸ் ஸ்டாப்புக்கு ஊரைச் சுற்றிப் போனார். மொபெட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டுகிற கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்தார். குணசேகரன் எதிரே வந்தால் ஆகாயத்தைப் பார்ப்பார். ஐந்து வருடத்தில் அவருக்கு மழை வரும் வராது என்று ஓரளவு சொல்லத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயலை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் கல்யாணத்தின்போது குணசேகரனுக்கு எட்டு வயது. லீவு நாளெல்லாம் அத்தான் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சீட்டில் ஒண்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கும் கந்தர்வக்கோட்டைக்கும் போய் வருவான். பிடிக்காதவன் படத்தைக் கீழே போட்டிருந்தால் இவர் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்.

வெட்டிய ஒயரோடு வீட்டு டிவி ஊமையாகிப் போனது. டிஷ் வைக்கலாம் என்றால், உள்ளூரில் அந்த வியாபாரமும் குணசேகரனுடையதே. இப்படியிருக்கையில் போன வருடம் ஊருக்குத் தெற்கே கரட்டின்மேல் ஒரு டவர் எழும்பியது. சோதனைக்காக வைத்த டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டராம். மாடியில் ஆன்டெனா வைத்து, உள்ளே ஒரு பெட்டி வைத்தால் போதும், படம் ஆகாயத்திலிருந்தே வரும் என்றார்கள்.

“ஒயரும் இல்ல, தட்டும் இல்ல, மச்சினனும் இல்ல” என்று ஆவுடையப்பன் டீக்கடையில் சொன்னார். ஊரிலேயே முதல் ஆளாகப் பெட்டி வாங்கினார். எலக்ட்ரீஷியன் செந்தமிழன் மீன்முள் மாதிரி இருந்த ஆன்டெனாவைக் குழாயில் மாட்டி, மொட்டை மாடியில் நட்டு, தெற்கே திருப்பினார். கீழே பிரகதாம்பாள், “வந்துருச்சு, வந்துருச்சு” என்றார். ஆவுடையப்பன் மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஆன்டெனாவின் மூக்கு குணசேகரன் வீட்டுப் பால்கனியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதைத் திருப்புப்பா.”

“அண்ணே, டவரு அங்கிட்டுத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். என் வீட்டு மாடியில நிக்கிறது எதுவும் அந்த வீட்டைப் பாக்கக்கூடாது. இங்கிட்டுத் திருப்பு.”

“இங்கிட்டு மாட்டுக் கொட்டாய்தாண்ணே இருக்கு.”

“மாடு என்ன நம்மளை ஃப்ளெக்ஸ்லயா போட்டுச்சு? திருப்புய்யா.”

செந்தமிழன் திருப்பினார். படம் போனது. பழைய டிவி என்றால் புள்ளி புள்ளியாக, பேய் மாதிரியாவது ஏதோ ஒன்று ஆடும். இந்த டிஜிட்டலுக்கு அந்த தாட்சண்யமெல்லாம் கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லையென்றால் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை ஆவுடையப்பன் ஒன்பது மாதம் பார்த்தார். எப்போதாவது விடியற்காலையில் ஒருவர் முகம் கட்டம் கட்டமாக வந்து, மூக்கு ஓரிடமும் வாய் ஓரிடமுமாக நின்று, வணக்கம் சொல்வதற்குள் போய்விடும்.

படம் போனது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் அல்லவா? காலையில் பேப்பரில் படித்த செய்தியை மத்தியானம் டீக்கடையில் டிவியில் பார்த்ததாகச் சொல்வார். “படம் எப்புடிண்ணே?” என்று கேட்டால், “கண்ணாடி” என்பார். அது முழுப் பொய் இல்லை. வந்த அந்த ஒரு நிமிஷம் கண்ணாடி மாதிரிதான் வந்தது.

இந்த நிலையில் மகள் ரம்யாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வெற்றிச்செல்வனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. அவருடைய அப்பா ஆத்மநாதன் கந்தர்வக்கோட்டைப் பக்கம் தலைமையாசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்து தேதி குறிப்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சு முடிந்த அன்றைக்குத்தான் பிரகதாம்பாள் ஐந்து வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

“ஏங்க, தாய்மாமன் மாலை போடாம எம் பொண்ணை மணவறைக்கு அனுப்ப மாட்டேன். நீங்க என்ன செய்வீங்களோ.”

ரம்யா அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் சண்டை போட்டிருந்தாலாவது அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவருக்குமே குணசேகரன் வராத கல்யாணத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் முதலில் போய்க் கூப்பிடுவது யார்? சொன்னது அவர் அல்லவா? எழுந்து நான்கு முறை தெற்கே போகப் பார்த்தார். நான்கு முறையும் செருப்பை மாட்டியதோடு சரி.

சனிக்கிழமை காலையில் ஆத்மநாதன் போன் செய்தார். “ஒங்க வீட்டுல ஒயரில்லாம டிவி தெரியுதாமே சம்பந்தி? நாளைக்குப் பதினோரு மணிக்கு விவசாய நிகழ்ச்சியில முந்திரியைப் பத்திப் போடுறான். ஒங்க வீட்டுலயே பாத்துக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு ஆவுடையப்பன் சிறிது நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். புது சம்பந்தியிடம் பொய்யன் என்று பெயர் வாங்குவதா, சொன்ன சொல்லை விடுவதா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ‘எம் மொகம் திரும்பாது’ என்றுதானே சொன்னோம்? முகம் திரும்பாமல் ஆன்டெனா மட்டும் திரும்பினால்?

மத்தியானம் ஊர் உண்டுவிட்டு உறங்குகிற நேரத்தில் மாடிக்கு ஏறினார். செந்தமிழனைக் கூப்பிட்டால் விஷயம் டீக்கடைக்குப் போய்விடும். குணசேகரன் வீட்டுக்கு முதுகைக் காட்டி, மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றுகொண்டு, இரண்டு கையையும் பின்னால் விட்டுக் குழாயைத் திருகினார். அறுபது வயதில் அது சாமானிய வித்தை இல்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கீழேயிருந்து பிரகதாம்பாள், “வரல… வரல… ஏங்க, வந்துருச்சு, நிறுத்துங்க, தொடாதீங்க” என்றார். ஆவுடையப்பன் முகம் திருப்பாமலேயே படி இறங்கினார். சொல்லும் போகவில்லை, படமும் வந்துவிட்டது. தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்க்கும்போதுகூட அவர் முகத்தில் வெற்றிக்களை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஆத்மநாதன் குடும்பத்தோடு வந்தார். பதினோரு மணிக்குப் படம் ஓடியது. முந்திரிப் பூவில் உட்கார்ந்திருந்த கொசுவின் கால் எத்தனை என்று எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். தலைமையாசிரியர் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று குனிந்தே பார்த்துவிட்டார்.

“அருமை சம்பந்தி. ஒங்களை மாதிரி ஆளுங்கதான் ஊருக்கு வேணும்” என்று உட்கார்ந்தவர், அதே மூச்சில், “ஆமா, பொண்ணோட தாய்மாமன் உள்ளூர்தான்னு சொன்னாங்க. ஆளைக் காணோமே?” என்றார்.

டிவியில் ஒருவர் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். பிரகதாம்பாள் தரையைப் பார்த்தார். ஆவுடையப்பன், “அவன்…” என்று ஆரம்பித்தார்.

அப்போது வாசல் கேட் திறந்தது. குணசேகரன், வெள்ளை வேட்டி சட்டையில், கையில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்த தாம்பாளத்தோடு நடைக்கு வந்து நின்றார்.

“கூப்புட்டீங்க, வந்துட்டேன் அத்தான்.”

“நான் எப்பக் கூப்புட்டேன்?” என்றார் ஆவுடையப்பன்.

“அதான் மாடியில திருப்பி வச்சிருக்கீங்களே. நேத்து மத்தியானத்துலேர்ந்து எங்க வீட்டைத்தான பாத்துக்கிட்டு நிக்கிது.”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். பிரகதாம்பாள் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒரு தப்பான டிக்கெட் கிழிக்காத மனுஷனுக்கு, தன்னைத் தேடி வந்தவனுக்குப் பொய்யைக் கொடுக்க மனம் வரவில்லை.

“மாப்ள, நெசத்தைச் சொல்லிர்றேன். அது ஒனக்காகத் திருப்புனது இல்ல. டவரு ஒன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. படத்துக்காகத்தான் திருப்புனேன்.”

பிரகதாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டார். குணசேகரன் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை.

“அது எனக்குத் தெரியாதா அத்தான்? இருவது வருசமா டிவிதான எனக்குப் பொழப்பு. நீங்க மாட்டுக் கொட்டாயைப் பாத்து வச்ச அன்னிக்கே, இதுல ஒரு பொட்டுப் படம் தெரியாதுன்னு தெரியும். ஒம்பது மாசமா தெனம் காலையில எந்திரிச்சதும் மாடிக்குப் போயி, திருப்பிட்டீங்களான்னு பாப்பேன்.” அக்கா பக்கம் ஒருமுறை பார்த்தார். “எதுக்காகத் திருப்புனா என்ன? நான் வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும்ல.”

ஆவுடையப்பன் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடமாக ஆகாயத்தைப் பார்த்ததில், பயலின் மீசை பாதி நரைத்துப்போனது அவருக்குத் தெரியவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவனும் இத்தனை நாள் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை. எழுந்துபோய்த் தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி” என்று திரும்பினார். “தாய்மாமனைக் கேட்டீங்கல்ல? இவன்தான்.”