அத்திமரத்துக்கு இரண்டு பேர்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கன்னியர் மடத்தில் சமையல், தோட்டம், வீடு சந்திப்பு, இவைதான் என் வேலை. எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் பந்தியில் அழைக்காமல் வந்து இலை போட்டுக்கொண்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அங்கே அது "பொறாமைப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று ஒரு வரியில் முடிந்துபோனது. சாமியாரும் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அது அவ்வளவு சின்ன விஷயமில்லை என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் பழைய இத்தாலியர் பங்குக் கோயில் ஒன்றில் ஏழு வருஷமாக இருக்கிறேன். எங்களை மிஷனரி என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியதே இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியார்தான். அவர் ஜனங்களுக்கு நான் போய் என்ன வேதம் சொல்ல? கோயிலுக்கு வர முடியாத ஒன்பது வீடுகளுக்கு வியாழக்கிழமைதோறும் நற்கருணை அப்பம் எடுத்துக்கொண்டு போவேன். செபம் சொல்லி, நற்கருணை கொடுத்து, பிறகு அவர்கள் தரும் காப்பியைக் குடிப்பேன். குட்டிக் கோப்பையில் கஷாயம் மாதிரி இருக்கும். ஒன்பது வீட்டிலும் குடித்தாக வேண்டும். வேண்டாம் என்றால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றவள் நான். நல்ல வேளை, அந்தத் தெருக்களில் நடைபாதை உண்டு. கழுத்தில் நற்கருணைச் சிமிழைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தே போய்விடுவேன்.

ஏழாவது வீடு அத்திமர வீடு. அங்கே தென் இத்தாலியிலிருந்து வந்த ஓர் அம்மா தனியாக இருக்கிறார். வயது எண்பத்தாறு. அவருடைய ஆங்கிலமும் நொண்டி, என் ஆங்கிலமும் நொண்டி. அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. மிளகாய்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. அவர் ஊரிலும் உறைப்பு சாப்பிடுவார்களாம். ஒரு நாள் மோர்மிளகாய் வறுத்துக் கொண்டுபோனேன். ஒன்றைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

அந்த வீடுகளில் அடுப்படி இரண்டு உண்டு. மேலே இருப்பது பார்க்க. அதில் அடுப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. தரைக்குக் கீழே இருப்பதுதான் சமைக்க. தக்காளிக் குழம்பு கொதிப்பதும், மாவு பிசைவதும், சண்டை போடுவதும் அங்கேதான். விருந்தாளியை மேலே உட்கார வைப்பார்கள். வீட்டு ஆளைத்தான் கீழே கூட்டிப் போவார்கள். என்னை அந்த அம்மா கீழே கூட்டிப் போக இரண்டு வருஷம் ஆனது. அன்றைக்குப் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். அவர் ஒரு கூடை அவரையை என் முன்னால் வைத்து, "உரி" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சிஸ்டராக வார்த்தைப்பாடு கொடுத்த நாள் மாதிரி இருந்தது.

போன ஆகஸ்டில் சின்ன சிஸ்டர் வந்தாள். முப்பத்திரண்டு வயது, சென்னைப் பெண், இரண்டு பட்டம். ரோமாபுரியில் இரண்டு வருஷம் படித்தவள், இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. வந்த மாதமே கார் ஓட்டும் உரிமமும் எடுத்துவிட்டாள். எங்கள் மதர், "இனிமே வியாழக்கிழமை ரெண்டு பேரும் சேந்து போங்க. பேச்சுத் துணைக்கு நல்லது" என்றார். யாருக்குப் பேச்சுத் துணை என்று நான் கேட்கவில்லை.

முதல் வியாழக்கிழமையே தெரிந்துபோயிற்று. ஏழு வருஷமாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த கிழவர்களெல்லாம் அவளிடம் பேசினார்கள். செத்துப்போன மனைவி, பிரிந்துபோன மகன், கப்பலில் வந்த கதை என்று அணை உடைந்த மாதிரி பேசினார்கள். ஒருவர் அழுதார். நான் பக்கத்து நாற்காலியில் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைமேல் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். என்ன என்று தெரியாமல் சிரிப்பது கஷ்டமான வேலை.

அத்திமர வீட்டில் மட்டும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த அம்மா பேசுவது அவர் மலைப் பக்கத்துப் பேச்சு, ரோமாபுரியில் சொல்லிக்கொடுப்பது வேறு என்று கேள்விப்பட்டிருந்தேன். புரியாமல் போகட்டும் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடந்துகொண்டே ஒரு செபம்கூடச் சொன்னேன். அவர் இவள் பேசியதைக் கேட்டார். "பள்ளிக்கூட வாத்திச்சி மாதிரி பேசுறியே" என்று எனக்கும் புரிகிற ஆங்கிலத்தில் கேலி செய்தார். கேலி செய்தபடியே கையைப் பிடித்துக் கீழே அடுப்படிக்குக் கூட்டிப் போய்விட்டார். முதல் நாளே. நான் பின்னால் இறங்கினேன்.

இன்னொன்றும் உண்டு. என்னை அவர் எப்போதும் ஆங்கிலத்தில் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். இவளை "சுவோரா" என்றார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆனாலும் ஒன்று அவர் வீட்டு வார்த்தை, இன்னொன்று கடைவீதி வார்த்தை.

செப்டம்பரில் அத்திப்பழம் பழுத்தது. அவர் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்து நட்ட மரம் அது. பழத்தைக் காகிதத்தில் ஆளுக்கொரு பொட்டலமாகப் பொதிந்து எங்களுக்குத் தந்தார். மடத்துக்கு வந்து பிரித்தோம். எனக்கு நாலு. அவளுக்கு ஆறு. நான் எண்ணினேன்.

"சிஸ்டர், இந்தாங்க, எனக்கு இவ்ளோ வேணாம், நீங்க எடுத்துக்கோங்க" என்று அவள் தட்டை நகர்த்தினாள்.

"எனக்குச் சக்கரை" என்றேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

அவள் கெட்டவளில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நவம்பரில் இலை உதிர்ந்ததும் அந்த மரத்துக்குப் போர்வை கட்ட வேண்டும். இங்கே குளிரில் அத்திமரம் அப்படியே நின்றால் செத்துப்போகும். கிளைகளைக் கயிறு போட்டு ஒடுக்கி, சாக்கு, பழைய கம்பளம், அதன்மேல் பிளாஸ்டிக் என்று சுற்றி, தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள். தெருவில் நடந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் யாரோ தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் அவர் தங்கை மகன் வந்து கட்டிக்கொண்டிருந்தார். அவர் இப்போது தூரத்து மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை சின்ன சிஸ்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் மட்டும் போனேன். நற்கருணை வாங்கி, கண்மூடி இருந்து, பிறகு அந்த அம்மா சொன்னார்: "சனிக்கிழமை ராத்திரி தண்ணி உறையுமாம், டிவியில சொன்னான். சனிக்கிழமை காலைல பத்து மணி. அந்தச் சின்ன சுவோராகிட்ட சொல்லு, வரச்சொல்லு. மரம் கட்டணும்."

"சரி" என்றேன்.

ஐந்து வருஷம் அந்த அடுப்படியில் அவரைக்காய் உரித்தவள் நான். பாத்திரம் துலக்கியவள் நான். மரம் கட்ட அவள் வேண்டுமாம். திரும்பி நடக்கும்போது காது சூடாக இருந்தது. மடத்தில் ராச்சாப்பாட்டின்போது மதர், "இன்னைக்கு வீடுகள்ல எதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டார். சின்ன சிஸ்டர் எதிரில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல மதர்" என்றேன்.

வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை, அந்த அம்மாவின் தட்டு ஒன்று நம்மிடம் கிடக்கிறது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

அவர் பின்பக்கப் படியில் நாற்காலி போட்டு, இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக, கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். கயிறு, சாக்கு, கம்பளம், வாளி எல்லாம் தரையில் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்திருப்பார்.

"சுவோரா எங்கே?"

"அவளுக்கு வேலை" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கைத்தடியால் மரத்தைக் காட்டினார்.

நான் கயிற்றை எடுத்தேன். தோட்ட வேலை எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மரம் என்னைவிட உயரம், கிளைகள் நாலா பக்கமும் விரிந்து நின்றன. இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் அந்தப் பக்கம் விரிந்தது. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். பிடித்தால் கட்டக் கை இல்லை, கட்டப் போனால் பிடி விட்டுப்போகிறது. முக்காட்டுத் துணி கிளையில் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் அப்படிப் போராடினேன். படியிலிருந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. எப்படியாவது ஒற்றை ஆளாக முடித்துவிட வேண்டும் என்ற வெறி. ஒரு பெரிய கிளையைத் தோளால் முட்டி வளைத்தேன். அது ஒடிந்தது.

என் எலும்பே ஒடிந்த மாதிரிச் சத்தம் கேட்டது. வெள்ளையாகப் பால் வடிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேர்" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. "ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் கட்டணும். என் புருஷன் பிடிப்பான், நான் கட்டுவேன். அதுக்குத்தான் அவளையும் வரச்சொன்னேன்."

"என்னை நீங்க கூப்பிடலையே."

அவருக்கு நான் சொன்னது புரியவில்லையோ என்று நினைத்தேன். புரிந்திருந்தது. புருவத்தைச் சுருக்கினார். "உன்னை எதுக்குக் கூப்பிடணும்? நீ எப்படியும் வருவியே."

ஒடிந்த கிளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வானம் சாம்பல் நிறமாக இருந்தது, காற்று கூர்மையாக வீச ஆரம்பித்தது. இன்னும் முக்கால் மரம் விரிந்து நின்றது. அந்தக் குளிர் ராத்திரியை அது தாங்காது. கீழே அடுப்படிக்குப் போய், சுவரில் தொங்கும் பழைய போனை எடுத்து மடத்துக்குப் பேசினேன். அவள்தான் எடுத்தாள்.

"அத்திமர வீட்டுக்குக் கொஞ்சம் வா. மரம் கட்டணும். நீ வந்தாத்தான் ஆகும்."

"இப்பவா சிஸ்டர்? சரி, வந்துட்டேன்."

பத்து நிமிஷத்தில் கார் வந்து நின்றது. தோட்டத்துக்குள் வந்தவள் எடுத்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். இருவரும் இத்தாலியனில் நாலு வார்த்தை பேசினார்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"வியாழக்கிழமையே சொல்லிவிட்டாங்களாமே. ஏன் சிஸ்டர் எங்கிட்ட சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லல" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணேனா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம்?"

"ஒண்ணும் இல்ல. கயித்தப் பிடி."

"நீங்க மரத்தப் பிடிங்க, நான் கட்டுறேன்" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

மரத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து நின்றேன். கன்னத்தில் பட்டை உரசியது. அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை இறுக்கினாள். ஒரு தடவை என்னையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அந்த அம்மா படியில் உட்கார்ந்து கைத்தடியை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் மரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகிற சரக்கு இல்லை.

சாக்கு, கம்பளம், பிளாஸ்டிக், கடைசியில் வாளி. முடிக்க மதியம் ஆயிற்று. கீழே கூட்டிப் போய்ப் பட்டாணி போட்ட நூடுல்ஸ் மாதிரி ஒன்று தந்தார். என் தட்டின் ஓரத்தில் கேட்காமலே எண்ணெயில் ஊறிய மிளகாய் இரண்டு வைத்தார். சின்ன சிஸ்டர் தட்டில் வைக்கவில்லை. அவளுக்கு உறைப்பு ஆகாது.

ஒடிந்த கிளையை அவர் முழ நீளத்துக்கு மூன்று துண்டாக நறுக்கினார். ஈர மணலில் செருகி இருட்டில் வைத்தால் வசந்தத்தில் துளிர்க்குமாம். துண்டுகளைச் செய்தித்தாளில் சுருட்டிச் சின்ன சிஸ்டரிடம் நீட்டினார். நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அவள் வாங்கவில்லை. அவரிடம் இத்தாலியனில் ஏதோ சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்து என் பக்கம் நீட்டினார்.

"என்ன சொன்ன?" என்று அவளைக் கேட்டேன்.

"ஒடிச்சவங்களே வளக்கட்டும்னு சொன்னேன்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் காரில் ஏறும்போது எனக்காக முன் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது. அத்திமர வீட்டு அம்மாவுக்குச் சளி பிடித்து, நற்கருணை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இந்தத் தடவை செய்தியை நானே சின்ன சிஸ்டரிடம் சொன்னேன், அவள் எடுத்துக்கொண்டு போனாள். நான் சமையலைப் பார்த்தேன்.