கருக்கில்லாத பனை

என் கணவருக்குப் பனங்கிழங்கு தின்னத் தெரிந்த அளவுக்குப் பனையைத் தெரியாது. பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் படிப்பு, கந்தோர் வேலை என்று கண்டியிலேயே காலம் போனவர். போரால் ஊருக்குப் போகும் பாதை அடைபட்ட பிறகுதான் அவருக்கு ஊர்ப்பைத்தியம் தலைக்கேறியது. ஒருநாள் பேராதனை வீதியில் பூக்கன்று விற்கிற இடத்திலிருந்து, விசிறி இலை விரித்த கன்று ஒன்றை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பனையாம்.

"பனையைச் சட்டியில வளர்த்து விக்கிறதை எங்கயாவது கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"கண்டியில எல்லாம் சட்டியிலதான் வளரும்" என்றார்.

வாசல் படலையடியில் நட்டார். மழைக்கு மளமளவென்று வளர்ந்தது. பனைமட்டையின் இரு ஓரத்திலும் வாள்பல் மாதிரிக் கருக்கு இருக்குமே, அதைத்தான் காணோம். "வரும், வரும்" என்று ஞாயிறுதோறும் மட்டையைத் தடவிப் பார்ப்பார். நான் கேலி செய்வேன். ஆனால் காற்றுக்கு ஓலை சலசலத்தால் அடுப்பில் கிடக்கிறதை மறந்து நின்றுவிடுவேன். எங்கள் வளவு, கிணற்றடி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் குடித்த பிலாவிலை எல்லாம் அந்தச் சத்தத்தோடு வரும். நெஞ்சு கரைந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

பயமும் கூடவே வளர்ந்தது. முன்பு நடந்த கலவரத்தில் எங்கள் யன்னல்களை உடைத்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான் எங்களைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். எங்காவது குண்டு வெடித்தது என்று றேடியோ சொன்னால் என் கண் படலைக்குத்தான் போகும். வாசலில் பனை நின்றால் தமிழ் வீடு என்று வேறு பலகை எழுதித் தொங்கவிட வேண்டுமா? வெட்டச் சொல்லி மன்றாடினேன். தன் உயிர் உள்ளவரை நடக்காது என்றார். இருவருக்கும் பல நாள் பேச்சில்லை.

வழக்கைத் தீர்த்தவரும் பக்கத்து வீட்டு அம்மாதான். மரம் செடியில் பைத்தியம் அவருக்கு. ஒரு பின்னேரம் வந்தவர் மட்டையோரமாகக் கையை இழுத்துக் காட்டினார். பனையென்றால் கை கிழிந்திருக்க வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்டார். குருத்தோலையைத் திருப்பி, அடியில் படிந்திருந்த மெல்லிய பஞ்சையும் காட்டினார். ஹவாய்த் தீவுகளில் வளரும் விசிறிப்பனையாம் இது. அழகுக்கு வைப்பதாம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரோ கதிரையில் சாய்ந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

மறுநாள் காலை கத்தியோடு படலையடிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"எங்கட மரமில்லை. எங்கயோ இருந்து வந்ததை ஏன் வைச்சிருக்க வேணும்?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. மரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"எங்கயோ இருந்து வந்ததெண்டு வெட்டப் போறீங்களோ? எங்கட யன்னலை உடைச்சவங்களும் இதைத்தானே சொன்னவங்கள்!"

அவர் கத்தியைப் படியில் வைத்துவிட்டு வந்து, கருக்கில்லாத அந்த மட்டையை மெல்லத் தடவினார்.

"இண்டைக்கு இதுக்குத் தண்ணி விட்டனீரோ?" என்று கேட்டார்.